வாசகர் கேள்வி – பதில்: மண்ணுக்குள் மூச்சு முட்டும் படங்கள்

குகை, சுரங்கம், பாதாளக் கல்லறை, சவப்பெட்டி என்று பூமிக்கடியிலேயே நடக்கும் திகில் படங்களைப் பற்றி இந்த முறை கேட்டிருந்தோம். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பயனுள்ளவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தந்திருக்கிறோம். கதை முடிவைச் சொல்லும் இடத்தில் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறோம்.

‘தி டிசென்ட்’ பார்த்தேன். வெளிறிய அந்த ஜந்துக்கள் வருவதற்கு முன்பே உள்ளங்கை வியர்த்துவிட்டது. அவை வந்த பிறகு பயம் குறைந்த மாதிரி இருந்தது. எனக்கு மட்டும்தானா?
— ஆர்.வி., திண்டுக்கல்

நிறைய பேருக்கு அப்படித்தான். நீல் மார்ஷல் 2005இல் எடுத்த இந்தப் படத்தின் முதல் பாதி, மளிகைக் கடைப் பற்றுவரவு நோட்டு மாதிரி. குகைக்குள் இறங்கும் ஆறு பெண்கள் கையில் இன்னின்னது இருக்கிறது என்று முதலில் வரவு வைக்கிறது. பிறகு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருகிறது. முதலில் வந்த வழி போகிறது, அடுத்து கயிறு, பிறகு வெளிச்சம், கடைசியில் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை.

இவற்றில் பெரிய செலவு எது என்றால், தலைவிபோல நடந்துகொள்ளும் ஜூனோ வழிகாட்டிப் புத்தகத்தைக் காரிலேயே விட்டுவிட்டு வருவதுதான். எல்லோரிடமும் ஒரு குகையின் பெயரைச் சொல்லிவிட்டு, இதுவரை யாரும் இறங்காத வேறொரு குகைக்குக் கூட்டிப்போகிறாள். குகை இறங்குகிறவர்களுக்குப் பாலபாடம் ஒன்று உண்டு. எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் வெளியே வருவோம் என்று மேலே இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அந்த நேரம் தாண்டினால் அவர் மீட்புக் குழுவைக் கூப்பிடுவார். ஜூனோ செய்த காரியத்தால், தேடி வருகிறவர்கள் வேறு குகையில்தான் தேடுவார்கள். இந்த ஒரு வரியை விவரம் தெரிந்தவர் கேட்டால் அங்கேயே படம் முடிந்த மாதிரிதான்.

குறுகலான பொந்தில் அந்த ஆறு பேரில் ஒருத்தியான சாரா மாட்டிக்கொள்ளும் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். ஹெல்மெட் விளக்கின் வெளிச்சம் ஒரு சாண் தூரத்துப் பாறையில் விழுந்து அங்கேயே நின்றுவிடுகிறது. மீதி ஃப்ரேம் முழுக்கக் கறுப்பு. அவள் பயந்து மூச்சை இழுக்கிறாள். இழுத்தால் நெஞ்சுக்கூடு விரியும், விரிந்தால் இன்னும் இறுகும். உண்மையில் இப்படிப்பட்ட இடுக்கைக் கடக்கிறவர்கள் மூச்சை வெளியே விட்டுவிட்டு, நெஞ்சு சுருங்கிய அந்தச் சில விநாடிகளில் ஓரிரு அங்குலம் நகர்வார்கள். பயம் செய்யச் சொல்வதற்கு நேர்மாறான காரியம் இது. அந்த முரண்தான் நம் கையை வியர்க்க வைக்கிறது.

ஜந்து வந்த பிறகு ஏன் தளர்கிறது? சண்டை போட இடம் வேண்டும். பனிக்கோடரியை ஓங்க வேண்டுமென்றால் கூரை உயர வேண்டும், கேமரா சுற்றிவர வேண்டும். ஆகவே குகையே பெரிதாகிவிடுகிறது. இரண்டாம் பாதியும் நல்ல படம்தான், ஆனால் அது வேறு வகைப் படம்.

அது நிஜக் குகையா, செட்டா? மற்ற படங்களில் எப்படி?
— எஸ்.எம்., ஈரோடு (இதே கேள்வி இன்னும் நாலு பேரிடமிருந்து)

‘தி டிசென்ட்’ கதை அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலையில் நடக்கிறது. குகைக் காட்சிகள் அத்தனையும் லண்டனுக்கு அருகே பைன்வுட் ஸ்டுடியோவில் போட்ட செட். கலை இயக்குநர் சைமன் போல்ஸ். நிஜக் குகையில் ஒரு படப்பிடிப்புக் குழு இறங்குவது ஆபத்து, நேரமும் விழுங்கும் என்பதால்தான் செட்டுக்குப் போனார்கள். ஒளிப்பதிவாளர் சாம் மெக்கர்டி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். கதாபாத்திரங்கள் கையில் என்ன வெளிச்சம் இருக்கிறதோ அதுதான் காட்சியின் வெளிச்சம். ஹெல்மெட் விளக்கு, டார்ச், சிவப்பு ஃபிளேர், பச்சை ஒளிக்குச்சி. யார் விளக்கு எங்கே திரும்புகிறது என்பதை வைத்தே இடத்தின் அளவை நாம் ஊகிக்கிறோம்.

நேர் எதிர் உதாரணம் 2014இல் வந்த ‘ஆஸ் அபவ், ஸோ பிலோ’. அது பாரிஸின் நிஜக் கல்லறைச் சுரங்கத்திலேயே எடுத்தது. கீழே மின்சாரமும் கிடையாது, கைபேசிச் சிக்னலும் கிடையாது. மூடிய இடம் என்றாலே பயப்படும் நடிகர் பென் ஃபெல்ட்மன் அவ்வப்போது இடைவேளை வாங்கிக்கொண்டுதான் நடித்தார். அந்தச் சுரங்கங்கள் ஆதியில் சுண்ணாம்புக்கல் வெட்டிய குவாரிகள். நகரத்து இடுகாடுகள் நிரம்பி வழிந்ததால் 1786 முதல் எலும்புகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். பொதுமக்கள் பார்க்கும் பகுதி சுமார் 20 மீட்டர் ஆழத்தில், ஒன்றரை கிலோமீட்டர் நீளம், வருடம் முழுக்க 14 டிகிரி. மீதிச் சுரங்கங்களில் அனுமதியின்றி இறங்குவது 1955 முதல் குற்றம்.

மூன்றாவது வகை, வேலை செய்த சுரங்கம். 1981இல் வந்த ‘மை பிளடி வாலண்டைன்’ கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் எடுத்தது. நிலக்கரி இருக்கும் இடத்தில் மீத்தேன் கசியும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். அதனால் எத்தனை விளக்கு போடலாம் என்பதையே எண்ணி எண்ணித் தீர்மானிக்க வேண்டியிருந்தது. படத்தின் மங்கலான மஞ்சள் வெளிச்சத்தை அழகுக்காகச் செய்தது என்று நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

நம் பக்கத்தில் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ (2024). கொடைக்கானல் குணா குகையில் 2006இல் நடந்த சம்பவம்தான் கதை. திகில் படம் என்று சொல்ல முடியாது, உயிர்மீட்புக் கதை. ஆனாலும் பள்ளத்துக்குள் கயிறு இறங்கும் அந்தப் பகுதி எந்தத் திகில் படத்துக்கும் சளைத்ததல்ல. குழியின் உட்புறத்துக்குப் பெரும்பாவூரில் செட் போட்டார்கள்.

‘தி டிசென்ட்’ படத்துக்கு இரண்டு முடிவுகள் என்கிறார்களே?
— ஜே.கே., யாழ்ப்பாணம்

(பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவுங்கள்.) ஆம். அமெரிக்காவில் 2006இல் வெளியிட்டபோது கடைசி ஒரு நிமிட அளவை வெட்டிவிட்டார்கள். வெட்டிய பிரதியில் சாரா வெளியே வந்து காரில் தப்பிக்கிறாள், பக்கத்து இருக்கையில் ஜூனோ தெரிகிறாள், அதோடு முடிகிறது. பிரிட்டிஷ் பிரதியில் அது கனவு. அவள் குகைக்குள்ளேயே கண் விழிக்கிறாள், எதிரே இறந்துபோன மகள் பிறந்தநாள் கேக்கோடு உட்கார்ந்திருக்கிறாள். 2009இல் வந்த இரண்டாம் பாகம் அமெரிக்க முடிவிலிருந்து தொடங்குகிறது. எங்கள் கட்சி பிரிட்டிஷ் பிரதி. பற்றுவரவு நோட்டில் கடைசிவரை செலவு எழுதிவிட்டு, முடிவில் இனாமாக ஒரு வழியைத் திறந்துவிடுவது நியாயமில்லை.

‘பரீட்’ படத்தில் சவப்பெட்டிக்குள் கிடக்கிறவர் சிகரெட் லைட்டரை ஏற்றிக்கொண்டே இருக்கிறார். காற்று தீர்ந்துபோகாதா?
— பி.டி., மதுரை

நல்ல கேள்வி, கணக்கே போட்டுவிடலாம். பெட்டி 2 மீட்டர் நீளம், 70 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 840 லிட்டர். 80 கிலோ ஆள் ஏறக்குறைய 80 லிட்டர் இடத்தை அடைப்பார். மிச்சம் 760 லிட்டர் காற்று.

இங்கே எல்லோரும் ஆக்சிஜனைத்தான் எண்ணுவார்கள். முதலில் ஆளைச் சாய்ப்பது ஆக்சிஜன் குறைவு அல்ல, அவரே விட்ட கரியமில வாயு. சும்மா படுத்திருப்பவர் நிமிடத்துக்குக் கால் லிட்டர் அளவுக்கு அதை வெளியே விடுகிறார். காற்றில் அது 5 சதவீதம் ஆனால் தலைவலி, மேல்மூச்சு கீழ்மூச்சு. 10 சதவீதத்தை எட்டினால் நினைவு தப்பும். 760 லிட்டரில் 10 சதவீதம் 76 லிட்டர். கால் லிட்டரால் வகுத்தால் 304 நிமிடம், அதாவது 5 மணி நேரம். இது அசையாமல் கிடந்தால். கத்தி, உதைத்து, பதறினால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகத்தில் தீரும்.

இப்போது லைட்டர். மெழுகுவர்த்தி அளவுச் சுடர் ஒன்று எரிய, ஓய்வாக இருக்கும் மனிதருக்கு வேண்டிய அளவோடு ஒப்பிடக்கூடிய ஆக்சிஜன் தேவை. அதாவது லைட்டரை ஏற்றியே வைத்திருந்தால் பெட்டிக்குள் இன்னொரு ஆளைக் கூடப் படுக்க வைத்த மாதிரி. படம் ஓடுவது 95 நிமிடம். விட்டுவிட்டு ஏற்றினால் அந்த நேரத்துக்குத் தாங்கும், ஏற்றியபடியே வைத்தால் தலைவலியோடு தாங்கும். ஆக்சிஜன் 21இலிருந்து 16 சதவீதத்துக்கு இறங்கும்போது சுடர் தானாக அணைந்துவிடும். மனிதர் அப்போதும் உயிரோடுதான் இருப்பார். உலோக லைட்டரின் மூடிப் பக்கம் இரண்டு மூன்று நிமிடத்திலேயே பிடிக்க முடியாமல் சுடும் என்பது தனி.

மூடியைத் தள்ளித் திறக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: மேலே 60 செ.மீ. உலர்ந்த மணல் என்றாலும் அந்த மூடியின்மேல் 1,300 கிலோவுக்கு மேல் எடை உட்கார்ந்திருக்கும்.

ரொட்ரிகோ கோர்டெஸ் இந்தப் படத்தை 2010இல் வெளியிட்டார். பார்சிலோனாவில் 17 நாளில், ஏழு பெட்டிகளை வைத்து எடுத்தார்கள். ஒரு பெட்டிக்குப் பக்கச் சுவர் கழலும், இன்னொன்று கேமரா சுற்றிவரத் தோதாக இருக்கும் என்ற மாதிரி. ஓரிடத்தில் மட்டும் கேமரா மேலே ஏறிக்கொண்டே போக, பெட்டிச் சுவர் கிணறுபோல நீள்கிறது. அந்த ஒரு ஷாட்டை எங்களால் மன்னிக்க முடியவில்லை. அத்தனை நேரம் இல்லாத இடம் அங்கே திடீரென்று வந்துவிடுகிறது.

கல்லூரிக் குறும்படத்துக்குக் குகைப் பொந்து ஒன்று வேண்டும். நிஜக் குகைக்கு அனுமதி இல்லை. வீட்டு மொட்டைமாடியிலோ கல்யாண மண்டபத்திலோ செட் போட முடியுமா? காட்சி 6 நிமிடம், ஒரு பெண் ஊர்ந்து போகிறாள்.
— மூன்று மாணவர்கள், கோவை

முடியும். நிஜக் குகைக்கு அனுமதி கிடைத்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம்.

அளவு: 8 அடி நீளம், உள்ளே இரண்டரை அடி அகலம், ஒரு முனையில் 3 அடி உயரம், மறு முனையில் 2 அடி. உயரத்தை ஏற்ற இறக்கமாக வைப்பதற்குக் காரணம் உண்டு. அதே பொந்தை மறுமுனையிலிருந்து எடுத்தால் வேறு இடம். தரையோடு கவிழ்த்து வைத்தால் மூன்றாவது இடம். 8 அடியில் 40 அடிப் பயணத்தைக் காட்டிவிடலாம்.

சட்டத்துக்கு 2க்கு 1 அங்குல ரீப்பர் மரம். இரண்டு அடிக்கு ஒரு வளையம் என்று ஐந்து வளையம். வளையம் வட்டமாக இருக்கக் கூடாது, கோணல்மாணலாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் இருக்க வேண்டும். அதன் உள்பக்கம் கோழிவலையைக் கசக்கி ஆணியடியுங்கள். வலையில் குத்திக் குத்தி மேடு பள்ளம் கொண்டுவாருங்கள். பிறகு பழைய சாக்கை ஒரு சாண் அகலப் பட்டைகளாகக் கிழித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் முக்கி ஒட்ட வேண்டும். தண்ணீரில் பவுடரைப் போட வேண்டுமே தவிர பவுடரில் தண்ணீரை ஊற்றக் கூடாது, கட்டி கட்டும். 1 கிலோ பவுடருக்கு 700 மில்லி தண்ணீர். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும், ஆகவே ஒரு தடவைக்கு 2 கிலோவுக்குமேல் கரைக்காதீர்கள். இரண்டு பூச்சுக்கு 25 கிலோ மூட்டை இரண்டு போதும். இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். காயாமல் பெயின்ட் அடித்தால் தோல் உரிகிற மாதிரி வரும். ஷூட்டிங்கில் காணாததை எடிட்டிங்கில்தான் கண்டுபிடிப்பீர்கள்.

நிறம்: கறுப்பு அடிக்காதீர்கள். புதிதாகச் செய்கிறவர்களின் முதல் தவறு இதுதான். கறுப்புச் சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும், பாறை இருப்பதே தெரியாது. சாம்பலும் செம்மண்ணும் கலந்த நடுத்தர நிறம், பள்ளங்களில் மட்டும் கருமை. இருட்டை விளக்கு பார்த்துக்கொள்ளும். ஈரம் காட்டக் கிளிசரினும் தண்ணீரும் சமபாகம் கலந்து ஸ்பிரே பண்ணுங்கள். வெறும் தண்ணீர் விளக்குச் சூட்டில் காய்ந்துவிடும்.

ஒரு பக்கச் சுவர் முழுவதும் கழல வேண்டும். ஆணி அடிக்காமல், கையாலேயே திருகிக் கழற்றும் விங் நட் ஆறு போட்டு மாட்டுங்கள். கேமரா அந்த வழியாகத்தான் உள்ளே வரும். நடிக்கிற பெண் பதறினால் அதே வழியாகத்தான் வெளியே வருவாள். ஒவ்வொரு டேக்கிலும் அந்தச் சுவர் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. டேக் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், இடையில் டேபிள் ஃபேன். புகைக்கு உலர்பனிக்கட்டி வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வருவது கரியமில வாயு. காற்றைவிடக் கனம், ஊர்ந்துபோகும் ஆளின் முகத்து உயரத்திலேயே தேங்கும். முந்தைய பதிலில் போட்ட கணக்கு இங்கே நிஜமாகிவிடும். தெர்மோகோலில் செட் போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். லேசு, மலிவு, சூடான விளக்கு பட்டால் பற்றி எரியும். பொந்துக்குள் ஆள் இருக்கும்போது அந்த லாபம் வேண்டாம்.

விளக்கு: நடிகையின் தலை விளக்கு ஒன்றே முதன்மை. மலிவான எல்.இ.டி. தலை விளக்கை வெளிச்சம் குறைத்து வைத்தால், அது கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரியும். கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். முழு வெளிச்சத்தில் வைத்து, முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டிக் குறையுங்கள். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டுமானால் பாறையில் பட்டுத் திரும்பி விழட்டும். அதற்காகத்தான் சுவர் நிறம் கறுப்பு வேண்டாம் என்றோம்.

லென்ஸ்: இடம் சின்னது என்று அகலக் கோண லென்ஸ் மாட்டினால் பொந்து ஹால் மாதிரி தெரியும். கழற்றிய சுவருக்கு வெளியே தள்ளி நின்று 50 மி.மீ. வைத்து முகத்தை எடுங்கள். முன்னால் ஒரு பாறைத் துண்டு கலங்கலாகத் தெரியட்டும். கைபேசியில் எடுப்பதானால் எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் விளக்கு திரும்பும்போதெல்லாம் படம் வெளுத்து வெளுத்து இருளும்.

ஒலியில்தான் பெரும்பாலான குறும்படங்கள் கோட்டை விடுகின்றன. குகை என்றதும் எதிரொலியை அள்ளிப் போடுகிறார்கள். எதிரொலிக்கப் பெரிய கூடம் வேண்டும். உடம்பு உரசும் பொந்தில் சத்தம் திரும்பி வர இடமில்லை. தலையணைக்குள் பேசுகிற மாதிரி அடங்கித்தான் கேட்கும். மூச்சை ஒரு சாண் தூரத்து மைக்கில் தனியாகப் பதிந்து, எதிரொலி எதுவும் சேர்க்காமல் வையுங்கள். துணி உரசல், பாறையில் பக்கிள் இடிக்கும் ‘டிக்’, நகம் கீறுவது, இவற்றையும் தனித்தனியாக எடுங்கள். அவள் பொந்திலிருந்து பெரிய குகைக்குள் தலையை நீட்டும் ஷாட்டில் மட்டும் எதிரொலியைத் திறந்துவிட்டால், கூடத்தைச் செட் போடாமலே கூடம் வந்துவிடும். வெறும் கறுப்புத் துணி போதும்.

இந்த மாதிரிப் படங்களை டி.வி.யில் பார்த்தால் எல்லாமே சாம்பல் பூசின மாதிரி, சதுரம் சதுரமாகத் தெரிகிறது. டி.வி. கோளாறா?
— கே.ஏ., சிங்கப்பூர்

பெரும்பாலும் கோளாறு இல்லை, கடையில் இருந்த செட்டிங்கிலேயே ஓடுகிறது. படத்தின் மோடை ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று மாற்றுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இரண்டையும் அணையுங்கள். வெளிப்பெட்டியிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக வந்தால் இரண்டிலும் பிளாக் லெவல் (கறுப்பு எவ்வளவு கறுப்பு என்பதற்கான செட்டிங்) ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் ‘லிமிடெட்’, டி.வி.யில் ‘ஃபுல்’ என்று இருந்தால்தான் அந்தச் சாம்பல். நேர்மாறாக இருந்தால் இருட்டு மொத்தமாக ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். சதுரம் சதுரமாகத் தெரிவது ஸ்ட்ரீமிங்கில் தரவு போதாததால். செயலியில் தரத்தை ‘ஆட்டோ’விலிருந்து உயர்ந்ததற்கு மாற்றுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, டி.வி.க்குப் பின்னால் சுவர் பார்த்த மாதிரி ஒரு சின்ன விளக்கு வைத்தால் கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரியும்.

மெட்ரோ ரயில் சுரங்கத்தில் நடக்கும் திகில் படம் உண்டா?
— டி.எல்., சென்னை

லண்டன் பாதாள ரயிலுக்கே தனிப் பரம்பரை உண்டு. 1972இல் வந்த ‘டெத் லைன்’, 1892இல் சுரங்கம் இடிந்து உள்ளே சிக்கிய தொழிலாளிகளின் கடைசி வாரிசைப் பற்றியது. பயத்தைவிடப் பரிதாபம் அதிகம், அதனாலேயே இன்றும் நிற்கிறது. 2004இல் ‘க்ரீப்’. இரண்டுக்கும் ஆல்ட்விச் நிலையம் உதவியது. அது 1994இல் பயணிகளுக்கு மூடப்பட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவில் ‘தி டனல்’ (2011), சிட்னிக்குக் கீழே கைவிடப்பட்ட சுரங்கங்களில். அதற்குப் பணம் திரட்டிய விதம் ருசிகரமானது. 90 நிமிடப் படத்தில் விநாடிக்கு 25 ஃப்ரேம் வீதம் 1,35,000 ஃப்ரேம்கள். ஒரு ஃப்ரேம் ஒரு டாலர் என்று விற்கக் கிளம்பினார்கள், படத்தை டொரன்ட்டில் அவர்களே இலவசமாக விட்டார்கள்.

பேய், மிருகம் எதுவுமே இல்லாமல் இந்த வகைப் படம் எடுபடுமா?
— வி.என்., திருநெல்வேலி

‘பரீட்’ எடுபட்டதே! ஆழ்துளைக் கிணற்றை வைத்து மலையாளத்தில் ‘மாளூட்டி’ (1990), தமிழில் ‘அறம்’ (2017). இரண்டும் திகில் என்ற பெயரில் வந்தவை அல்ல. ஆறேழு அங்குலக் குழியைவிட வேறு என்ன பேய் வேண்டும்?

லிஃப்டில் ஏறவே பயம். ஆனால் நண்பர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், எனக்கும் பார்க்க ஆசை. என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பகலில், கதவு திறந்த அறையில், ஹெட்போன் மாட்டாமல் பாருங்கள். பாதி பயம் அந்த மூச்சுச் சத்தத்தில்தான் இருக்கிறது, ஒலியைப் பாதியாகக் குறைத்தால் படமும் பாதியாகும். முதலில் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’, அடுத்து ‘ஆஸ் அபவ், ஸோ பிலோ’. ‘தி டிசென்ட்’, ‘பரீட்’ இரண்டும் கடைசியில். நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிட்டு, நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். லிஃப்ட், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் போன்றவற்றைத் தவிர்த்துக்கொண்டே வாழ வேண்டிய அளவுக்குப் பயம் இருந்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே பலன் தரும். இந்தப் படங்களை வைத்து நீங்களே அந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ள வேண்டாம்.